காரைக்காலும் அந்நிய முதலீட்டுக் கொள்கைகளும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு நிலத்துண்டுகளில் ஒன்று காரைக்கால். மற்ற மூன்று புதுச்சேரி, மாகே, ஏனாம் ஆகியவை. காவிரிக் கழிமுகத்தில் அரசலாறு கடலோடு சேரும் இடத்தில், ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த சிறிய மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை 2,00,222. கிழக்கே வங்கக் கடல். மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வடக்கே தரங்கம்பாடியும் தெற்கே நாகூர், நாகப்பட்டினமும் சில கல் தொலைவில் உள்ளன.

ஒரு நாட்டைச் சேர்ந்த நிறுவனமோ தனியாளோ வேறொரு நாட்டில் தொழில் நடத்தவும், அதன் நிர்வாகத்தில் நிலையான பங்கு பெறவும் இடும் மூலதனம் அந்நிய நேரடி முதலீடு எனப்படும். பங்குச் சந்தையில் இன்று வாங்கி நாளை விற்கும் முதலீடு இதில் அடங்காது. இந்திய விதிகளின்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாயின் குறைந்தது 10 சதவீதப் பங்காவது வெளிநாட்டவரிடம் இருந்தால்தான் அது நேரடி முதலீடாகக் கொள்ளப்படும். எந்தத் தொழிலுக்கு இத்தகைய பணம் வரலாம், எதற்கு வரக்கூடாது, எவ்வளவு வரலாம் என்பதை அரசு தீர்மானிக்கிறது. விரும்பும் தொழிலுக்கு வரிச் சலுகை தந்து அழைப்பதும் உண்டு.

காரைக்காலைப் பொறுத்தவரை இந்தத் தீர்மானங்கள் உள்ளூரில் எடுக்கப்பட்டதே இல்லை எனலாம். முதலில் தஞ்சாவூர், பிறகு பாரிசு, அதன்பின் டெல்லி. ஊரின் பங்காக இருந்தது எல்லைக் கோடு மட்டுமே. அந்தக் கோட்டுக்கு இருபுறமும் சட்டம் வேறுபட்ட காலங்களில் ஊருக்குச் சில வாய்ப்புகள் வந்தன. வேறுபாடு மறைந்தபோது அவை குறைந்தன.

துறைமுகங்களை வாடகைக்கு விட்ட அரசர்கள்

சோழமண்டலக் கடற்கரையில் வெளிநாட்டு வணிகரை அழைக்கும் வழக்கம் பழையது. 1620ஆம் ஆண்டு தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வணிகம் செய்ய டேனிசுக்காரர்களுக்கு உரிமை அளித்தார். அதற்காக ஆண்டுதோறும் வாடகைப் பணம் பெற்றார். 1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். இரண்டுக்கும் நடுவில் இருந்த காரைக்காலின் மீது பிரெஞ்சுக்காரர்களின் கண் விழுந்ததில் வியப்பில்லை.

அன்று தஞ்சை மராட்டியர் கையில் இருந்தது. அரியணைக்கு நடந்த போட்டியில் பணத்தேவை மிகுந்திருந்த சாகுஜி, 1738இல் காரைக்காலையும் அதை அடுத்த கருக்களாச்சேரிக் கோட்டையையும் சில ஊர்களையும் பணத்துக்குத் தர முன்வந்தார். புதுச்சேரி ஆளுநராக இருந்த துய்மா இதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அரியணை உறுதியானதும் சாகுஜி ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கினார். பிரெஞ்சுக்காரர்களுக்கு நண்பரான சந்தா சாகிப் படையுடன் வந்து ஊரைப் பிடித்து, 1739 பிப்ரவரி 14 அன்று அவர்களிடம் ஒப்படைத்தார். பத்தாண்டுகள் கழித்துப் பிரதாப் சிங் காலத்தில் செய்யப்பட்ட உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரர்களின் ஊர்கள் 81 ஆகப் பெருகின.

இதை இன்றைய பொருளில் அந்நிய முதலீடு என்று சொல்ல முடியாது. முதலீட்டாளர் நிலத்தின் ஆட்சியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். எனினும் மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் உண்டு. அரசருக்கு வேண்டியது உடனடிப் பணம், வந்தவருக்கு வேண்டியது நிலையான உரிமை. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறி பிற்காலத்து ஒப்பந்தங்களிலும், அளவு மாறியிருந்தாலும், காணப்படுகிறது.

பிரெஞ்சுக் காலத்துத் தொழில்கள்

ஆங்கிலேயரோடு நடந்த போர்களில் காரைக்கால் பலமுறை கைமாறியது. நெப்போலியன் போர்கள் முடிந்தபின், 1817இல் அது பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. கோட்டை கட்டவோ பெரும்படை வைத்திருக்கவோ அவர்களுக்கு இனி உரிமை இல்லை. எனவே வணிகமும் தொழிலும்தான் வழி என்ற நிலை வந்தது.

பிரெஞ்சிந்திய அரசு தேர்ந்தெடுத்த தொழில் நெசவு. நீலச் சாயமிட்ட பருத்தித் துணிக்குக் 'கினே' என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் அரபுப் பசை என்னும் வேலம்பிசின் வாங்குவதற்கு இத்துணி பணம் போலவே பயன்பட்டது. பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்குள் புதுச்சேரித் துணிக்குச் சுங்கச் சலுகை தரப்பட்டது. அதனால் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே புதுச்சேரியில் சவானா ஆலை எழுந்தது. 1898இல் தொடங்கப்பட்ட ரோடியர் ஆலையின் கதை இன்னும் சுவையானது. பிரெஞ்சு மண்ணில் நின்ற அந்த ஆலைக்குப் பின்னால் இருந்தது ஆங்கிலேய மூலதனம். பிரெஞ்சுச் சந்தையின் சலுகையைப் பெற ஆங்கிலேயர் பிரெஞ்சு எல்லைக்குள் வந்து ஆலை கட்டினர். ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலை என்று அது பின்னர் பெற்ற பெயரே இதைச் சொல்லும். வரிச் சுவரைத் தாண்டுவதற்காக அந்த நாட்டுக்குள்ளேயே தொழிற்சாலை அமைப்பது இன்றைய பொருளியல் பாடநூல்களில் அந்நிய முதலீட்டின் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

ஆலைகள் வந்ததால் மட்டும் தொழிலாளர் வாழ்வு உயர்ந்துவிடவில்லை. 1936 சூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தனர். அதன்பிறகே எட்டு மணி நேர வேலை முதலிய உரிமைகள் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயின.

இந்த ஆலைகள் எல்லாம் எழுந்தது புதுச்சேரி நகரத்தில். நெல் விளையும் கழிமுகமான காரைக்காலுக்குக் கிடைத்த பங்கு வேறு: அரிசியும் ஆட்களும் ஏற்றுமதியாயின. ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் பலர் காரைக்கால் துறையில்தான் கப்பல் ஏறினர். சுற்றியிருந்த ஆங்கிலேய மாவட்டங்களிலிருந்தும் மக்கள் இங்கு வந்து ஏறிச் சென்றனர். முதலீடு வரவில்லை, உழைப்பு வெளியேறியது.

காரைக்காலுக்கென்று செய்யப்பட்ட பெரிய செலவு இருப்புப்பாதைதான். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளப் பாதை 1898 மார்ச்சில் திறக்கப்பட்டது. பணம் பிரெஞ்சிந்திய அரசினுடையது. வண்டிகளை ஓட்டியது ஆங்கிலேயரின் தென்னிந்திய ரயில்வே. இரு நாட்டு எல்லையைக் கடந்த அந்தப் பாதை 1980களில் மூடப்பட்டது.

எல்லையே சரக்காக மாறிய ஆண்டுகள்

1941இல் பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒன்றியம் ஒன்றை அமைத்திருந்தன. 1949 ஏப்ரலில் அது முடிவுக்கு வந்தது. இந்தியாவில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. பிரெஞ்சுப் பகுதிகளிலோ வெளிநாட்டுப் பொருள்கள் தாராளமாக இறங்கின. கைக்கடிகாரம், தங்கம், மதுவகை ஆகியவை எல்லை தாண்டிக் கடத்தப்பட்டன. காரைக்காலைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் முளைத்தன. வயலின் ஒரு வரப்பு இந்தியா, அடுத்த வரப்பு பிரான்சு என்று கிடந்த நிலத்தில் எத்தனை சாவடி வைத்தும் கடத்தலை முழுதாகத் தடுப்பது எளிதன்று.

அந்த ஐந்தாண்டுகளில் ஊருக்குள் பணம் புழங்கியது உண்மை. தொழில் எதுவும் வளரவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் சார்பாளர்கள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு சேரவே விரும்பினர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தபின், 1962 ஆகஸ்ட் 16 முதல் சட்டப்படியான இணைப்பு நடைமுறைக்கு வந்தது. இந்திய வருமான வரிச் சட்டம் 1963 ஏப்ரல் 1 முதல் இங்கும் நீட்டிக்கப்பட்டது. எல்லைக் கோடு வரைபடத்தில் இருந்தது. அதன் பொருளியல் மதிப்பு பெரும்பாலும் போய்விட்டது.

மண்ணுக்கு அடியில்

இணைப்புக்குப் பின் காரைக்காலை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது வரிச் சலுகையன்று, நிலத்தின் அடியில் இருந்த பாறை. எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் காவிரிப் படுகையில் 1964இல் ஆழ்துளையிடும் பணியைத் தொடங்கியது. தொடக்கக் கிணறுகளில் காரைக்காலில் தோண்டப்பட்டதும் ஒன்று. பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் காவிரிப் படுகைத் தலைமையிடம் காரைக்காலை அடுத்த நிரவியில் அமைந்தது.

1950களிலிருந்து எண்ணெய்த் துறையை அரசே நடத்த வேண்டும் என்பது இந்தியக் கொள்கை. 1973இல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குள் அடக்கியது. வெளிநாட்டு நிறுவனங்களை இந்தியா வெளியே தள்ளிய காலம் என்று பொதுவாக இதைச் சொல்வார்கள். ஆனால் அதே ஆண்டுதான் உலகில் எண்ணெய் விலை பல மடங்கு உயர்ந்தது. உடனே அரசு கடலோர எண்ணெய்த் தேடலுக்கு மட்டும் வெளிநாட்டினருக்குக் கதவைத் திறந்தது. வங்கக் கடலின் வடபகுதி ஒரு நிறுவனத்துக்கும், கட்சு மற்றொன்றுக்கும், காவிரிக் கடற்பகுதி கனடாவைச் சேர்ந்த அசமேராவுக்கும் தரப்பட்டன. வணிக அளவில் எண்ணெய் கிடைக்காமல் அசமேரா விலகிச் சென்றது. தேவை என்றால் கொள்கை வளையும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அந்நிய மூலதனத்துக்கு 1991 வரை இந்தியா முற்றிலும் மூடியிருந்தது என்று பல வினாவிடைப் புத்தகங்களில் காணப்படும் வரியைத் திருத்திக்கொள்வது நல்லது.

நிலப்பகுதியில் நரிமணம் வயல் 1980களில் கண்டறியப்பட்டது. 1993இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் சிறிய சுத்திகரிப்பு ஆலை ஒன்று அமைந்தது. நரிமணத்து எரிவாயுவைக் கொண்டு காரைக்கால் திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின்நிலையம் ஒன்றைப் புதுச்சேரி அரசு நிறுவனம் நடத்துகிறது. படுகையின் எரிவாயுவால் காரைக்கால் கண்கூடாகப் பெற்ற பயன்களில் முதலிடத்தில் வைக்கத்தக்கது இதுவே.

வெளிநாட்டுப் பணம் இரண்டாம் முறை வந்தது 1990களில். அரசு நிறுவனம் கண்டுபிடித்து வைத்திருந்த வயல்களைத் தனியாரோடும் வெளிநாட்டினரோடும் கூட்டாக வளர்க்கும் திட்டம் அப்போது வந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில், காரைக்கால் கரைக்கு வடகிழக்கே கடலுக்குள் இருக்கும் பி.ஒய்-3 வயலுக்கு 1994 டிசம்பரில் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அரசு நிறுவனத்துக்கு 40 சதவீதம், இந்தியத் தனியார் நிறுவனங்கள் இரண்டுக்குத் தலா 21 சதவீதம், பிரிட்டிஷ் தாய் நிறுவனத்தைக் கொண்ட ஹார்டிக்கு 18 சதவீதம். பங்கு மிகக் குறைவாக இருந்தும் வயலை இயக்கியது ஹார்டியே. மூலதனத்தைவிடத் தொழில்நுட்பமே இங்கு வெளிநாட்டாரின் பலம். 1997இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். கடலில் மிதக்கும் கலத்திலேயே எண்ணெய் பிரிக்கப்பட்டுக் கப்பலில் ஏறியதால் கரையில் வேலைவாய்ப்பு அதிகம் உருவாகவில்லை. 2011இல் உற்பத்தி நின்றது. வயலின் பெயரில் புதுச்சேரி இருக்கிறது. நிலத்தில் அதன் சுவடு அரிது.

1999இல் செயலுக்கு வந்த புதிய தேடல் உரிமக் கொள்கை, எண்ணெய்த் தேடலில் 100 சதவீத வெளிநாட்டு முதலீட்டுக்கு இடமளித்தது.

1991உம் வரி விடுமுறையும்

1991 சூலை 24 அன்று வெளியான தொழிற்கொள்கை அறிக்கை, முப்பதுக்கும் மேற்பட்ட முன்னுரிமைத் தொழில்களைப் பட்டியலிட்டு, அவற்றில் 51 சதவீதம் வரை வெளிநாட்டு முதலீட்டுக்குத் தானாகவே அனுமதி கிடைக்கும் என்றது. உலோகம், இயந்திரம், வேதிப்பொருள், உணவுப் பதப்படுத்தல் எல்லாம் அப்பட்டியலில் இருந்தன. மற்ற விண்ணப்பங்களை ஆராய அந்நிய முதலீட்டு மேம்பாட்டு வாரியம் அமைந்தது. (2017இல் அந்த வாரியம் கலைக்கப்பட்டது.) 2000 சூன் 1 முதல் பழைய செலாவணிச் சட்டத்தின் இடத்தில் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் வந்தது. 'ஒழுங்குமுறை' போய் 'மேலாண்மை' வந்ததிலேயே மனமாற்றம் தெரியும்.

இவை இந்தியா முழுமைக்கும் பொது. புதுச்சேரிக்கு மட்டும் கிடைத்தது வேறொன்று. 1990களில் தொழிலில் பின்தங்கிய மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள் என்று வருமான வரிச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்ட இடங்களுள் புதுச்சேரியும் இருந்தது. அங்கு புதிதாகத் தொடங்கும் தொழிற்சாலைக்கு முதல் ஐந்தாண்டு இலாபத்துக்கு முழு வரிவிலக்கு. அதோடு விற்பனை வரிச் சலுகை, மலிவான மின்சாரம், 1974இல் தொடங்கப்பட்ட தொழில் மேம்பாட்டுக் கழகமான பிப்டிக் உருவாக்கிய தொழிற்பேட்டைகள். எல்லைக் கோட்டுக்கு மீண்டும் விலை ஏறியது. விழுப்புரம் மாவட்டத்து ஊர் ஒன்றில் ஆலை கட்டினால் வரி, ஒரு சாலையைக் கடந்து புதுச்சேரிக்குள் கட்டினால் விலக்கு.

அமெரிக்க நிறுவனமான வேர்ல்பூல் 1987இலேயே டிவிஎஸ் குழுமத்தோடு கூட்டாகப் புதுச்சேரியில் துணி துவைக்கும் இயந்திர ஆலை தொடங்கியிருந்தது. 1990களில் பெரும்பான்மைப் பங்கைத் தானே எடுத்துக்கொண்டது. பல நிறுவனங்கள் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை என்று புதுச்சேரியைச் சுற்றி வந்து இறங்கின.

இதே வரிவிலக்கு காரைக்காலுக்கும் உண்டு. கோட்டுச்சேரியில் தொழிற்பேட்டையும் உண்டு. ஆனால் பெரிய வெளிநாட்டு நுகர்பொருள் ஆலைகள் காரைக்காலுக்கு வரவில்லை. காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குச் சாலை வழியே சுமார் 130 கிலோமீட்டர். சென்னையின் துறைமுகமும் சந்தையும் அதற்கும் அப்பால். பேரளம் ரயில் பாதை மூடிக் கிடந்தது. நான்கு நிலத்துண்டுக்கும் ஒரே சலுகை தந்தால், முதலீட்டாளர் தனக்கு வசதியான துண்டைத்தான் தேர்ந்தெடுப்பார். எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது சமநீதி போலத் தோன்றும். தொலைவில் இருப்பவருக்கு அது எட்டாத சலுகை.

சலுகைகளும் நீடிக்கவில்லை. மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விற்பனை வரியைக் குறைப்பதை நிறுத்தி, 2000 முதல் குறைந்தபட்ச வரி விகிதங்களுக்கு உடன்பட்டன. வருமான வரி விலக்கு 2004 மார்ச் இறுதிக்குள் உற்பத்தி தொடங்கிய ஆலைகளோடு நின்றது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் எல்லையின் இருபுறமும் வரி ஒன்றே.

வாஞ்சூரின் வேதித் தொழில்

காரைக்காலின் தென்கோடியில், நாகூரைத் தொட்டுக்கொண்டிருப்பது வாஞ்சூர். மேலவாஞ்சூரில் சென்னை சன்மார் குழுமத்தின் கெம்பிளாஸ்ட் நிறுவனம் காஸ்டிக் சோடாவும் எத்திலீன் டைகுளோரைடும் தயாரிக்கிறது. உப்பு கரைசலில் மின்சாரம் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். குளோரினை எத்திலீனோடு சேர்த்தால் பிவிசி பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் உருவாகும். உப்புக்கு வேதாரண்யம் அருகில் இருக்கிறது, எத்திலீனை இறக்கக் கடல் இருக்கிறது. இங்கே தயாராகும் பொருள் மேட்டூர் ஆலைக்குச் செல்கிறது. இந்த ஆலையைக் காரைக்காலில் நிறுத்தி வைத்திருப்பது உப்பும் கடலும்தான். காலாவதியாகும் வரிவிலக்கைப் போல அவை காலாவதியாவதில்லை.

2016இல் கனடாவின் ஃபேர்பாக்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் சன்மார் வேதித் தொழில் குழுமத்தில் 30 கோடி அமெரிக்க டாலர் முதலீடு செய்தது. அதில் மிகப் பெரும்பகுதி கடன் பத்திரம். உடன் 30 சதவீதப் பங்கும் கிடைத்தது. பங்கு நேரடி முதலீட்டுக் கணக்கில் வரும், கடன் பத்திரம் வேறு கணக்கில் போகும். தவிர, அக்குழுமத்துக்கு மேட்டூரிலும் கடலூரிலும் எகிப்திலும்கூட ஆலைகள் உண்டு. கனடா டாலரில் எத்தனை காசு வாஞ்சூருக்கு வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

புள்ளிவிவரங்களும் இதற்கு உதவா. வெளிநாட்டு முதலீட்டு வரவை நீண்ட காலம் ரிசர்வ் வங்கியின் மண்டல அலுவலக வாரியாகத்தான் வெளியிட்டார்கள். சென்னை அலுவலகத்தின் கீழ்த் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரே வரியில் சேர்ந்திருந்தன. மாநில வாரியான கணக்கு 2019 அக்டோபரிலிருந்துதான் தரப்படுகிறது. அதிலும் காரைக்கால் தனியாக வராது. தமிழ்நாட்டின் முதலீட்டைப் பற்றிப் பேசும் பழைய அட்டவணைகளைப் பயன்படுத்தும் மாணவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

துறைமுகம்

1990களின் நடுவிலிருந்து இந்திய அரசு துறைமுகங்களில் தனியார் முதலீட்டை வரவேற்றது. துறைமுகம் கட்டுவதிலும் நடத்துவதிலும் 100 சதவீத வெளிநாட்டு முதலீட்டுக்குத் தானியங்கி அனுமதி உண்டு. இக்கொள்கையால் தூத்துக்குடி சரக்குப் பெட்டக முனையத்துக்குச் சிங்கப்பூரின் பிஎஸ்ஏ வந்தது. சென்னையின் பெட்டக முனையம் 2001இல் பி அண்ட் ஓ நிறுவனத்தின் கைக்குப் போனது. இரண்டுமே ஏற்கெனவே சரக்கு இருந்த பெரிய துறைமுகங்கள்.

காரைக்காலின் நிலை வேறு. ஆற்று முகத்துவாரத்துப் பழைய துறை எப்போதோ தேய்ந்துவிட்டது. வெறும் கடற்கரையில் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும். சிறு துறைமுகங்களை அமைக்கும் பொறுப்பு மாநில, ஒன்றியப் பகுதி அரசுகளிடம் இருப்பதால், புதுச்சேரி அரசு 2006 சனவரியில் சென்னை மார்க் நிறுவனத்தோடு கட்டி, இயக்கி, பின் ஒப்படைக்கும் முறையில் 30 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. கீழவாஞ்சூரில் 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் எழுந்த துறைமுகம் 2009 ஏப்ரலில் செயல்படத் தொடங்கியது. 2011இல் நாகூர்–காரைக்கால் ரயில் பாதை திறக்கப்பட்டது. உள்நாட்டு மின்நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் போகும் இறக்குமதி நிலக்கரியே முதன்மைச் சரக்கானது.

நூறு சதவீதக் கதவு திறந்திருந்தும் வெளிநாட்டுத் துறைமுக நிறுவனம் எதுவும் இங்கே கட்ட வரவில்லை. பெருமளவு கடனில் கட்டப்பட்ட துறைமுகத்தால் அந்தக் கடனைத் தாங்க முடியவில்லை. 2022 ஏப்ரலில் நொடிப்புத் தீர்ப்பாயம் வழக்கை ஏற்றது. அதானி துறைமுக நிறுவனம் 1,485 கோடி ரூபாய்க்கு அதை வாங்கி, 2023 ஏப்ரல் 1 அன்று பொறுப்பேற்றது. அப்போது ஐந்து கப்பல் தளங்களும், ஆண்டுக்கு 2 கோடியே 15 இலட்சம் டன் கையாளும் திறனும் துறைமுகத்துக்கு இருந்தன. கையாண்ட சரக்கு அதில் பாதி அளவே.

துறைமுகத்துக்கு மிக அருகில் உள்ள பெரிய ஊர் காரைக்கால் அன்று, நாகூர். அது தமிழ்நாடு. குவிக்கப்பட்ட நிலக்கரியின் தூள் காற்றில் வந்து வீடுகளிலும் கிணறுகளிலும் படிவதாக நாகூர், வாஞ்சூர் மக்கள் பல ஆண்டுகளாகப் போராடினர். ஒப்பந்தம் செய்ததும் வருவாய் பெறுவதும் புதுச்சேரி அரசு. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரமும் புதுச்சேரிக் குழுவினுடையது. தூளைச் சுவாசிப்பவர்களில் பலரின் வாக்குரிமை தமிழ்நாட்டில். யாரிடம் முறையிடுவது என்பதற்கே ஒரு வரைபடம் தேவைப்பட்டது. எல்லை ஆதாயத்தை ஒருபுறமும் சுமையை மறுபுறமும் தள்ளிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இக்கடற்கரையில் இல்லை.

வயல்களின் கேள்வி

2018 அக்டோபரில் மத்திய அரசு புதிய திறந்தவெளி உரிமக் கொள்கையின் முதல் சுற்றில் 55 எண்ணெய்த் தொகுதிகளை ஒப்படைத்தது. அவற்றில் 41ஐப் பெற்றது வேதாந்தா. இந்தியாவில் பதிவான நிறுவனமே எனினும் அதன் தாய் நிறுவனம் லண்டனில் இருந்தது. காவிரிப் படுகைத் தொகுதிகளும் இப்பட்டியலில் இருந்ததால் நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களின் சூடு ஆறாத கழிமுகத்தில் எதிர்ப்பு மீண்டும் எழுந்தது. காரைக்கால் உழவர்களும் தெருவில் இறங்கினர். 2019 சூலையில் புதுச்சேரி சட்டமன்றம் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. தேடல் உரிமம் தருவது மத்திய அரசின் அதிகாரம். சட்டமன்றத் தீர்மானம் எதிர்ப்பைப் பதிவு செய்யும், உரிமத்தை நிறுத்தாது.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுவதும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இதில் அடங்கின. புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலும் துளையிடலும் இங்கு தடை செய்யப்பட்டன; ஏற்கெனவே நடக்கும் பணிகளுக்கு விலக்கு உண்டு. நிரவியைச் சுற்றியுள்ள தமிழ்நாட்டு ஊர்கள் இச்சட்டத்துக்குள் வந்தன. அதே காவிரித் தண்ணீரில், அதே பருவத்தில் நடவு நடும் நிரவி, நெடுங்காடு, திருநள்ளாறு வயல்களுக்கு அச்சட்டம் பொருந்தாது.